முறைமாமனுக்கு ஒரு வேட்டி

வெள்ளக்கடை ஆரோக்கியதாஸ் நல்ல மனிதர். காப்பி எஸ்டேட்டில் இத்தனை வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தும், பழம் பறிக்கிற பெண்களிடம் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே மாதா கோயில் வாசலில் நிற்பார். குடிப்பதில்லை. ஆனால் வயிற்றெரிச்சல்காரர். அதை ஒளித்து வைக்கவும் தெரியாதவர். தம்பி புதுக் கார் எடுத்த வருஷம் தம்பி வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எஸ்டேட் மானேஜர் தன் நாயைத் தடவி, "எம்புட்டுக் கெட்டிக்காரன்!" என்று கொஞ்சியபோது பக்கத்தில் நின்ற ரைட்டரின் முகம் போன போக்கை ஜீப் டிரைவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இவையெல்லாம் வந்து போகிற எரிச்சல்கள். வந்த பிறகு போகவே போகாத எரிச்சல் ஒன்று அவருக்கு உண்டு. அது ஒரு சாமியின் மேல்.

குப்பனூரிலிருந்து மலைமேல் ஏறிவருகிற பாதையில் மூங்கிக்காடு என்ற சிற்றூருக்கு வழி பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஒரு பெரிய வளைவு. வளைவுக்கு மேலே பாறைக் குகையில் அம்மன் கோயில். கீழே வளைவிலேயே, பலாமரத்தடியில், அம்மனுக்குக் காவலாக ஈட்டிக்காரர். இடுப்பு உயரக் கல். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்தது. வெள்ளியில் இரண்டு கண். பக்கத்தில் ஆளை விட உயரமான ஓர் இரும்பு ஈட்டி. திருவிழாவுக்குத் திருவிழா மீசையை மட்டும் புதிதாக வரைந்துவிடுவார்கள், காது வரைக்கும்.

ஈட்டிக்காரருக்குக் கதைகள் ஏராளம். வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய குதிரை அந்த வளைவில் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டதாம். துரை தொப்பியைக் கழற்றிய பிறகுதான் எழுந்ததாம். அம்மன் நகையைத் திருடிக்கொண்டு ஓடியவன், மலையை விட்டே இறங்கிவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால், பலாமரத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தானாம். இந்த மாதிரிக் கதைகள் எந்தக் காவல் சாமிக்கும் இருக்கும். ஈட்டிக்காரருக்கே உரிய கதை வேறு.

அவர் ஒரு காலத்தில் மனிதர். மூங்கிக்காட்டுப் பெண் ஒருத்திக்கு முறைமாமன். நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு உப்பும் புடவையும் வாங்கிவர மலை இறங்கிப் போனார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு மாதக்கணக்கில் படுத்துவிட்டார். ஆள் செத்துப்போனான் என்று மலைக்குச் சேதி வந்தது. பெண்ணை வேறொருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவர் தேறி, உப்பு மூட்டையும் புடவையுமாக ஏறிவந்த அன்று, அந்த வளைவில் கல்யாணக் கூட்டம் எதிரே வந்தது. அவர் யாரையும் குத்தவில்லை. ஈட்டியை அங்கேயே ஊன்றி, "இனிமே இந்த ஊர்ப் பொண்ணு எவளும் என்னையக் கேக்காம இதைத் தாண்டப்படாது" என்றார். நின்றவர் நின்றவர்தான். கல்லாகிவிட்டார். அத்தனை பொறாமையும் வீணாகப் போகவேண்டாம் என்று அம்மன் தன் வாசல் காவலை அவரிடம் கொடுத்துவிட்டாள்.

அதனால் மூங்கிக்காட்டில் பிறக்கிற பெண்களுக்கெல்லாம் அவர் முறைமாமன். பேச்சு வந்த நாளிலிருந்து "மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு புது வேட்டியும் துண்டும் கொண்டுவந்து ஈட்டியில் கட்டி, பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பூ விழுந்து உத்தரவு கிடைத்துவிட்டால் அந்த நொடியிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன். பிறகு "அண்ணா" என்றுதான் கூப்பிடலாம்.

ஆரோக்கியதாசின் மனைவி வெண்ணிலா மூங்கிக்காட்டுப் பெண்.

காப்பி பறிக்க வந்தவள். ரைட்டர் அவளுடைய கூடையை நிறுக்கும்போது மட்டும் தராசைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். ஒரே பருவத்தில் விஷயம் முற்றிவிட்டது. ஞானஸ்நானம் கொடுத்து இன்பமேரி என்று பெயர் வைத்து மாதா கோயிலில் தாலி கட்டினார்கள். அவளுடைய அண்ணன் செல்லப்பன்தான் ஈட்டிக்காரருக்குப் பூசாரி. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. மகள் ஜெஸ்லின் பிறந்தபோது கோபமெல்லாம் கரைந்து, பலாப்பழத்தோடு வந்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். இப்போது ஜெஸ்லின் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. ஆனால் அந்த வேட்டியை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

அதனால் வெண்ணிலாவுக்கு ஈட்டிக்காரர் இன்னும் மாமாதான்.

கட்டிய கணவரை அவள் கூப்பிடுவது "ஏனுங்க". சோறு போடவும் "ஏனுங்க", சண்டைக்கும் "ஏனுங்க". வெள்ளிக்கிழமை ஆனால், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, வண்டியின் பின்னால் ஏறி வளைவில் போய் இறங்கி, அந்தக் கல்லைப் பார்த்து "மாமா, வந்துட்டனுங்க" என்பாள். அந்தக் குரலில் ஒரு குழைவு இருக்கும். ஆரோக்கியதாசுக்கு அடிவயிறு காந்தும்.

கொண்டுவிட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். அவள் பஸ்ஸில் போய்விட்டாள். பஸ்ஸில் போனால் அவள் எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் இன்னும் காந்தியது. எனவே தானே கொண்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திக் காவல் இருந்தார். அவள் கல்லோடு நெருங்கி நின்று முணுமுணுவென்று பேசுவாள். சில நாள் சிரிப்பாள். ஒருநாள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தார். பேசி முடித்துத் திரும்பும்போது அவள் முகம் அலசிவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும். வீட்டில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்கள் வேறு, அவள் வருகிற நேரம் பார்த்துப் பலாமரத்தடியில் காத்திருப்பார்கள். அவள் காதில் ஏதோ சொல்வார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள். மாமனை வைத்துத்தான் கேலி பேசுகிறார்கள் என்று ஆரோக்கியதாஸ் முடிவு கட்டினார்.

ஒரு திருவிழா முடிந்த வாரம் மீசை வளர்க்கத் தொடங்கினார். அது காது வரைக்கும் போகவில்லை. கன்னத்திலேயே நரைத்து நின்றுவிட்டது.

எஸ்டேட்டில் கூட வேலை பார்க்கும் மரியதாசுக்கு மட்டும் விஷயம் தெரியும். "அவனவன் பக்கத்து ஊட்டுக்காரனைப் பாத்துப் பொறாமைப்படறான். கல்லைப் பாத்துப் பொறாமைப்படறவன் நீ ஒருத்தன்தாய்யா," என்றார் அவர்.

"கல்லுன்னு நீ சொல்றே. அவ அப்படிச் சொல்றதில்லையே," என்றார் ஆரோக்கியதாஸ்.

போன ஐப்பசியில், பனி மூடிய ஒரு காலைநேரத்தில், அந்த வளைவில் அவருடைய வண்டி சறுக்கியது. ஈட்டிக்காரரைத் தாண்டும்போது எல்லோரும் ஒரு ஹாரன் அடிப்பார்கள். ஆரோக்கியதாஸ் மட்டும் வீம்புக்கு அடிப்பதில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. முழங்கை பிய்ந்து, கால்சட்டை கிழிந்து, சரியாகக் கல்லின் முன்னால் போய்க் குப்புற விழுந்தார். நிமிர்ந்தபோது வெள்ளிக் கண் இரண்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

செல்லப்பனின் மனைவி பாவாயிதான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். "கட்டிக்கப் போறவரா நின்ன மனுசன். உங்களைப் பாத்தா அவருக்கு உறுத்தாம இருக்குங்களா?" என்று சொல்லிக்கொண்டே மஞ்சளைக் குழைத்து வைத்தாள்.

வலிக்கு நடுவிலும் ஆரோக்கியதாசுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. தனக்கு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தார். அந்தப் பக்கமும் எரிகிறது என்பது நல்ல செய்தியாக இருந்தது.

செல்லப்பன் காதோடு காதாகச் சொன்னார். "மாப்ளே, ஒரு வேட்டி, ஒரு துண்டுங்க. குடுத்துட்டா முடிஞ்சுது. அப்பறம் அவரு மாமனில்லை, அண்ணன். உங்களுக்கு மச்சான் மொறை ஆயிருவாரு. நீங்க கும்புட வேண்டாம், துண்ணூறு வெக்க வேண்டாம். கேட்டு வாங்கிக்கறீங்க, அவ்வளவுதான்."

உயிர்ப் பயத்துக்காகச் செய்தேன் என்று பிற்பாடு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியதாஸ் கணக்குப் போட்டார். பயமெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாயால் அவள் "அண்ணா" என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒண்டிக்கடை பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் முதலில் மட்டமான வேட்டி ஒன்றைத்தான் கேட்டார். கடைக்காரர் எடுத்துப் போட்டதும் மனசு மாறியது. இதைக் கட்டிக்கொண்டு அவன் தன்னை இளக்காரமாகப் பார்ப்பானே என்று தோன்றியது. மாதா திருவிழாவுக்குத் தான் உடுத்துவதைவிட ஒரு படி உசத்தியான சரிகைக் கரை வேட்டியை வாங்கினார். வாங்கிய பிறகு, இவ்வளவு நல்லதை அவனுக்கு ஏன் வாங்கினோம் என்று வழியெல்லாம் பொருமினார்.

வெண்ணிலா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தனியாக வளைவுக்குப் போனார். செல்லப்பன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி வரலீங்களா? பொண்ணு பக்கத்துல நிக்கோணுமே."

"அவளுக்கு மேலுக்குச் சரியில்லீங்க மச்சான். இத்தனை வருசம் ஆச்சு, இனி என்னத்துக்குச் சடங்கு? முடிச்சு உடுங்க."

செல்லப்பன் தயங்கினார். மாப்பிள்ளையின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். வராத மனிதர் வந்திருக்கிறாரே, விட்டால் திரும்ப வருவாரோ மாட்டாரோ என்று சரி சொல்லிவிட்டார். கல்லைக் கழுவி, ஈர உடம்பில் இரண்டு தோளிலும் ஒவ்வொரு சாமந்தியை ஒட்டினார். வலத்தோள் பூ விழுந்தால் சம்மதம். இடத்தோள் விழுந்தால் திரும்பிப் போகவேண்டியதுதான். ஆரோக்கியதாஸ் ஈட்டியில் வேட்டியையும் துண்டையும் கட்டினார். சொல்லவேண்டியதை மச்சான் எடுத்துக்கொடுக்கச் சொன்னார். "உன்ற மொறைப் பொண்ணை எனக்குக் குடு. அண்ணனா நின்னு அனுப்பி வை."

பூ விழவில்லை. பனி விலகி வெயில் வந்தது. இரண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இடத்தோள் சாமந்தி லேசாக நழுவியது. 'மாதாவே, வலது, வலது' என்று ஆரோக்கியதாஸ் தன்னையறியாமல் வேண்டிக்கொண்டார். எந்தப் பூவுக்காக எந்தத் தாயைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்து வாயை மூடிக்கொண்ட நேரத்தில், வலத்தோள் பூ பொத்தென்று விழுந்தது.

வண்டியில் திரும்பும்போது சீட்டியடித்தார். இத்தனை வருஷத்தில் அந்த வளைவில் அவர் முதன்முதலாக ஹாரன் அடித்தது அன்றைக்குத்தான். மரியாதைக்கு அல்ல. ஜெயித்த கொண்டாட்டத்துக்கு.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போய்த் தானாகத் தெரிந்துகொள்ளட்டும், அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவளுக்கு முன்னால் குளித்துக் கிளம்பி நின்றவர் அவர்தான்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன இத்தனை சுறுசுறுப்பு?" என்றாள் வெண்ணிலா.

"சும்மாதான்," என்றார்.

வளைவில் இறங்கியதும் அவள் நேரே கல்லிடம் போனாள். சரிகை வேட்டி ஈட்டியில் பளபளவென்று தொங்கியது. யாரோ புதுமாப்பிள்ளை வந்துபோயிருக்கிறான் என்று நினைத்தவளாக, அதை ஒதுக்கிவிட்டு, "மாமா..." என்று தொடங்கினாள்.

பாவாயி மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "கண்ணு, கண்ணு, அப்படிக் கூப்படாதே! இனிமே அண்ணன்னு கூப்படு. உம்பட ஊட்டுக்காரரு வேட்டி குடுத்துட்டாரு. உங்கூடப் பொறந்த அண்ணன் உனக்குச் சொல்லலியா?"

வெண்ணிலா பாவாயியைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். திரும்பி, எதிர்ப்பக்கம் வண்டியில் சாய்ந்து நின்ற கணவரைப் பார்த்தாள். ஆரோக்கியதாஸ் மீசையைத் தடவினார். அவள் "அண்ணா" என்று சொல்லப்போகிற நொடிக்காகக் காத்திருந்தார்.

அவள் சொல்லவில்லை. பலாமரத்தடியில் காத்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவாயி மெதுவாகச் சொன்னாள். "எங்களுக்கெல்லாம் நீ ஒருத்திதானே இருந்தே கண்ணு."

ஆரோக்கியதாசுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாலையைக் கடந்து வந்து, "என்னத்துக்கு எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றார்.

பாவாயிதான் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா? அண்ணன்கிட்டப் போயி ஊட்டுக்காரனைப் பத்திக் கொறை சொல்லப்படாதுங்க. முன்னொரு காலத்துல ஒருத்தி, புருசன் அடிச்சான்னு இவருகிட்ட வந்து அழுதாளாம். மறுநா அந்தாளு ரண்டு காலும் ஒடிஞ்சு இதே வளைவுல கெடந்தானாம். அண்ணனுக்குக் கோவம் வந்தா அப்படித்தானே? அதனால கல்யாணம் ஆனவளுக வாயத் தொறக்கறதில்லை. நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போயிருவோம். மொறைமாமன்னா அப்படியில்லீங்க. அவரு கேட்டுக்குவாரு. 'என்னையக் கட்டியிருந்தா இப்படியா'ன்னு மனசுக்குள்ள சந்தோசப்பட்டுக்குவாரு. அதோட செரி. கல்யாணமாகியும் அவரை மாமான்னு கூப்படறவ இவ ஒருத்திதான். எங்க கொறையும் சேத்து இவதான் சொல்லிட்டு இருந்தா."

இத்தனை வருஷமாக அந்த முணுமுணுப்பு எதைப் பற்றி என்பது ஆரோக்கியதாசுக்கு இப்போதுதான் விளங்கியது. கொஞ்சல் இல்லை. புகார். அதுவும் தன்னைப் பற்றி. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரிய சுமை இறங்கிய ஆறுதலில் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"அட, இவ்வளவுதானா! எம்மேல கொறை இருந்தா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே புள்ளே? கல்லுகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

வெண்ணிலா அவரை நிதானமாகப் பார்த்தாள். "சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இதைச் செஞ்சீங்க. அது இன்னைக்குக் கொறை."

அவர் சிரிப்புப் பாதியில் நின்றது.

"ஜெஸ்லினுக்கு முன்னாடி ஒண்ணு தங்காமப் போச்சுங்களே, அது அன்னைக்குக் கொறை. ஆஸ்பத்திரியில இருந்து, அண்ணனுக்குத் தெரியாம, இந்த அண்ணிதான் என்னையப் பஸ்ஸுல கூட்டிட்டு வந்தாங்க. நேரா உங்ககிட்ட வரோணும்னுதான் எனக்கும் இருந்துச்சு. பழம் நிறுக்கற நேரம், ரைட்டர் வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிச்சீங்க. இங்க எறங்கி இவருகிட்டச் சொல்லி அழுதேன். பொழுது சாஞ்சு நீங்க வந்தீங்க. சோறு ஆயிருச்சான்னு கேட்டீங்க. போனது போவட்டும், ஆண்டவர் வேற குடுப்பாருன்னு சொல்லிட்டுப் படுத்துட்டீங்க. அப்பறம் ஒரு நாளும் அந்தப் பேச்சையே எடுக்கலீங்க."

"எடுத்தா நீ அழுவியோன்னு..." என்று ஆரம்பித்தார் ஆரோக்கியதாஸ். அது பொய்யில்லை. ஆனால் போதவும் இல்லை. போதவில்லை என்று அவர் காதுக்கே கேட்டது.

"அஞ்சு மாசம் வவுத்துல இருந்துச்சுங்க. அதுக்கு ஒரு பேரு வெச்சிருந்தேன். பொறந்ததும் உங்ககிட்டச் சொல்லலாம்னு வெச்சிருந்த பேரு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அந்தப் பேரைச் சொல்லித்தான் இவருகிட்டப் பேசுவேன். இருந்திருந்தா இத்தனை ஒசரம் இருக்கும், இந்தப் படிப்புப் படிக்கும்னு. சில நாள் அதை நெனைச்சுச் சிரிச்சும் இருக்கறேன்."

ஆரோக்கியதாஸ் கல்லைப் பார்த்தார். தம்பியின் கார், மானேஜர் கொஞ்சிய நாய், காது வரைக்கும் போன மீசை, எதுவும் அவருக்கு இப்படி எரிந்ததில்லை. தன் பிள்ளையின் பெயர் தனக்குத் தெரியாது. இந்த ஆளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வளர வளர இவன் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

"என்ன பேரு?" என்றார். "வெண்ணிலா, என்ன பேரு வெச்சே?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னைய அவருகிட்டத்தானே கேட்டு வாங்கினீங்க," என்றாள். "இதையும் அவருகிட்டயே கேட்டுக்கங்க."

சொல்லிவிட்டுப் பாவாயியோடு மேட்டில் ஏறி ஊருக்குள் போய்விட்டாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். குப்பனூர்ப் பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து போனது. ஆரோக்கியதாஸ் வண்டியிடம் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கல்லுக்கு எதிரே, அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்று, கேட்டார்.